ஆங்கிலப் பிழையைப் பிடிக்கப் பழக: வகுப்பு, புத்தகம், செல்போன், எண்பது பக்க நோட்டு

என் அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டு, மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மாதிரித் தேர்வுத் தாளை என் கையில் கொடுத்தாள். கணக்கில் நல்ல மார்க். ரீசனிங்கும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் 25 கேள்விக்கு 11 தான் சரி. அதிலும் வாக்கியத்தில் பிழை எங்கே என்று கேட்கும் கேள்விகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"சித்தி, படிச்சுப் பார்த்தா எல்லாமே சரியா இருக்கிற மாதிரிதான் இருக்கு. எந்த இடத்துல தப்புன்னே தெரியல. கோச்சிங் சேரட்டுமா, புக் வாங்கட்டுமா, இல்ல போன்லயே ஒரு ஆப் போட்டுப் படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஆங்கிலத்தால் கைநழுவி, மூன்றாவது முறை வேலைக்கு வந்தவள் நான். அவள் கேட்ட மூன்று வழியிலும் காசையும் நாளையும் போட்டிருக்கிறேன். அவள் கேட்காத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதற்காகக் கற்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். முதல்கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி. ஒரு கேள்விக்கு 36 வினாடிதான். ஆங்கிலத்தில் 25 கேள்வி, 50 மதிப்பெண். தவறாக அடித்தால் கேள்விக்கு அரை மதிப்பெண் போய்விடும். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 30 ஆங்கிலக் கேள்விக்கு 20 நிமிடம், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. எஸ்.எஸ்.சி. நடத்தும் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான எம்.டி.எஸ்., பிளஸ் டூ தகுதிக்கான சி.எச்.எஸ்.எல். தேர்வுகளை 2023-ல் இருந்து தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். ஆனாலும் ஆங்கிலப் பகுதியை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். ஆக, தேர்வு அறையில் போன் இல்லாமல், புத்தகம் இல்லாமல், அரை நிமிடத்துக்குள் பிழையைக் கண் பிடிக்க வேண்டும். ஆபீஸ் மெயில் தப்பில்லாமல் போனால் போதும் என்பவருடைய தேவை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆறு வாக்கியங்களை எழுதி அவளிடம் கொடுத்தேன்.

"ஐ ஆம் லிவிங் இன் ராயபுரம் சின்ஸ் டென் இயர்ஸ்."
"ஹீ டிட் நாட் வென்ட் டு ஒர்க் எஸ்டர்டே."
"வீ டிஸ்கஸ்டு அபவுட் த வாட்டர் ப்ராப்ளம்."
"ஐ டோன்ட் நோ வேர் இஸ் த ஆபீஸ்."
"த லிஸ்ட் ஆஃப் கன்டெய்னர்ஸ் வெயிட்டிங் அவுட்சைட் த ஹார்பர் கேட்ஸ் ஹேவ் பீன் சென்ட்."
"டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ் டு வாக்."

இதில் ஐந்தில் பிழை உண்டு, ஒன்று சரி. அவள் பிடித்தது இரண்டாவதை மட்டும். கடைசி வாக்கியம் தப்பு என்று அடித்துச் சொன்னாள். "டென்னு வந்தா பன்மைதானே சித்தி, ஆர் தானே வரணும்?" பத்து கிலோமீட்டர் என்பதை ஒரே தூரமாக எண்ணும்போது ஒருமைதான் வரும். அந்த ஆறில் சரியான வாக்கியம் அதுதான். பிழை இல்லாத இடத்தில் பிழை காண்பதும் அரை மதிப்பெண்ணைக் கொண்டுபோகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, வகுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

நான் முதல் முறை தோற்றபின் அண்ணா நகரில் ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தேன். கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மாலை வகுப்பு. இங்கிருந்து பஸ் மாறிப் போய், முடித்துத் திரும்பி வர இரவு பத்தாகும். நல்லது எது என்றால், வேகம் வந்தது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு, உடனே மதிப்பெண், பக்கத்தில் நம்மைப் போலவே படிக்கும் நாற்பது பேர். தனியாக உட்கார்ந்தால் புத்தகத்தைத் திறக்கவே கை வராது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த நேரக்கட்டு பெரிய உதவி.

குறை என்னவென்றால், அங்கே ஆங்கிலத்தைச் சூத்திரமாகக் கொடுத்தார்கள். "ஈச் வந்தால் யோசிக்காதே, ஹாஸ் போடு." நூறு வாக்கியத்தில் தொண்ணூறுக்கு அது வேலை செய்யும். நான் எழுதிய இரண்டாவது தேர்வில் "தே ஈச் ஹேவ்" என்ற வகை வாக்கியம் ஒன்று வந்தது. சூத்திரப்படி ஹேவ் தப்பு என்று அடித்தேன். அது தப்பே இல்லை. அங்கே எழுவாய் "தே", ஈச் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஏன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, கேள்வி எழுதுகிறவர் ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்தால் போதும், நம்மையே கவிழ்த்துவிடும்.

காசு கொடுத்துச் சேரும் முன் நம் பக்கத்திலேயே இருப்பதைப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழக அரசு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறது. டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., வங்கி, ரயில்வே தேர்வுகளுக்குக் கட்டணம் கிடையாது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், 500 பேர் வரை எடுக்கிறார்கள். தங்கும் வசதி இல்லை, ஆனால் தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது அந்தக் கல்லூரி பெயரிலேயே ஒரு நிலையம் வந்துவிட்டது. நான் படித்த காலத்தில் அந்த மையத்தைப் பற்றி என்னிடம் சொல்ல ஆள் இல்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. வீட்டில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் அமைதியாகப் படிக்க முடியவில்லை என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்துக்குப் போகலாம். உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இலவசமோ கட்டணமோ, வகுப்பு என்பது எல்லாப் பாடத்தையும் எல்லாருக்கும் பொதுவாக நடத்துவது. அதில் ஆங்கில இலக்கணத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. உங்கள் தப்பு எது என்று நூறு பேர் இருக்கும் அறையில் ஆசிரியரால் பார்க்க முடியாது. அது அவர் குற்றம் இல்லை.

அடுத்தது புத்தகம். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இலக்கணப் புத்தகங்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். நானும் அங்கேதான் வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் விடை எழுதியிருந்தார். முதல் இருபது பக்கத்துக்கு மட்டும்தான் எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள். நானும் ஏறக்குறைய அதே பக்கத்தில்தான் நின்றேன்.

காரணம், அந்த மாதிரிப் புத்தகம் பெயர்ச்சொல் வகையில் தொடங்கி ஒழுங்காகப் போகும். நம் பிழை அந்த ஒழுங்கில் வருவதில்லை. இருநூறாம் பக்கத்தில் இருக்கும் விதி நமக்கு இன்றைக்குத் தேவைப்படும். பின்பக்கத்தில் விடை இருக்கும், ஏன் அதுதான் விடை என்பது இருக்காது. பழைய பதிப்பாக இருந்தால் "ஐ" வந்தால் "ஷல்", "ஹீ" வந்தால் "வில்" என்று இன்றைக்குப் பெரிதாக யாரும் பார்க்காத விதியில் ஒரு நாள் போய்விடும். ஆனாலும் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, தேவையான சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். இலக்கணப் புத்தகத்தையும் அப்படி வைத்துக்கொண்டால் அது வாழ்நாளுக்கும் உதவும்.

இப்போது செல்போன். இன்றைக்கு முதலில் எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்தோம். அந்த ஆறு வாக்கியத்தையும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு திருத்தும் ஆப்பில் அவளையே போடச் சொன்னேன். "டிட் நாட் வென்ட்" உடனே சிவப்புக் கோடு. "டிஸ்கஸ்டு அபவுட்" பிடித்தது. "வேர் இஸ் த ஆபீஸ்" பிடித்தது. ராயபுரம் வாக்கியத்தில் "சின்ஸ்" என்பதை "ஃபார்" ஆக்கியது, "ஆம் லிவிங்" என்பதைத் தொடவில்லை. அங்கே "ஹேவ் பீன் லிவிங்" வந்திருக்க வேண்டும். கன்டெய்னர் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டது. வேறு ஆப்பில், வேறு நாளில், முடிவு வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகவே திருத்தியிருந்தாலும் என் கருத்து மாறியிருக்காது.

ஏனென்றால் அவள் என்ன செய்தாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடு வந்தது, விரலால் தொட்டாள், வார்த்தை மாறியது, அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். மொத்தமும் ஒரு நிமிடம்கூட இல்லை. "டிஸ்கஸ் பக்கத்துல ஏன் அபவுட் வராது?" என்று கேட்டேன். விழித்தாள். வாக்கியம் திருந்திவிட்டது, அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தேர்வு அறையில் கோடு போட யாரும் வர மாட்டார்கள்.

விளக்கம் சொல்லும் ஏ.ஐ. செயலிகள் இதைவிட மேல். ஏன் என்று கேட்டால் சொல்லும், தமிழிலும் சொல்லும். கேட்கத் தெரிந்தவர்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் ஒரு டியூஷன் டீச்சர் மாதிரி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சரியான விடையைச் சொன்ன பிறகு "இல்லையே, இது சரிதானே?" என்று நான் அழுத்திக் கேட்டபோது, ஒருமுறை மன்னிப்புக் கேட்டு மாற்றிச் சொன்னது. எது சரி என்று நமக்கே தெரியாத நிலையில் அது ஆபத்து.

மாறாக, பாரிமுனையில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு தினம் முப்பது மெயில் அனுப்புகிறவருக்கு நான் ஆப்பைத்தான் சொல்வேன். அவருக்குத் தேவை மெயில் பிழையில்லாமல் போவது, அவ்வளவுதான். அதற்காக ஆறு மாதம் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், ஆதார் எண், சரக்கு விவரம் இருக்கும் கடிதத்தை அப்படியே தூக்கி எந்தச் செயலியிலும் ஒட்டாதீர்கள். பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் போடுங்கள்.

யூடியூப் வகுப்புகளும் ஆங்கில நாளிதழ் வாசிப்பும் கூட உண்டு. வீடியோ பார்ப்பது படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுக்கும், பேனாவை எடுக்க வைக்காது. நாளிதழ் நல்லதுதான், காது பழகும். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் சரியான வாக்கியம். பிழை எப்படி இருக்கும் என்று அது காட்டாது. மூன்று மாதத்தில் தேர்வு என்றால் இந்த இரண்டையும் பக்கத்துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த நோட்டு. என்னை வேலைக்குக் கொண்டுவந்தது அதுதான் என்று நம்புகிறேன்.

மூன்றாவது முறை எழுத முடிவு செய்தபோது கையில் காசு இல்லை. கல்மண்டபத்தில் இருந்த என் தோழி ஒருத்தியும் அதே நிலையில் இருந்தாள். அவள் வீட்டு மொட்டை மாடியில் தினம் மாலை ஒரு மணி நேரம் உட்காருவோம். ஆளுக்கு ஒரு எண்பது பக்க நோட்டு. மாதிரித் தாளில் எனக்குத் தப்பாய்ப் போன வாக்கியத்தை இடது பக்கம் எழுதுவேன். வலது பக்கம் திருத்தியது. இரண்டுக்கும் கீழே, தமிழில் ஒரு வரி: நான் ஏன் ஏமாந்தேன். அந்த வரியை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் ஒப்புக்கொள்ளும் வரை அடுத்த வாக்கியம் கிடையாது.

அந்தக் கடைசி வரியை எழுத எழுதத்தான் ஒரு விஷயம் புரிந்தது. நான் செய்த பிழைகளில் பாதிக்கு மேல் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் இறக்கியதால் வந்தவை. அப்புறம் அதே தமிழ்தான் அவற்றைப் பிடிக்கவும் கை கொடுத்தது. இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாருங்கள். "பத்து வருஷமா ராயபுரத்துல இருக்கேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால்தான் "ஐ ஆம் லிவிங்" நமக்குச் சரியாகவே கேட்கிறது. ஆங்கிலத்தில் முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு "ஹேவ் பீன்" வேண்டும். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் "சின்ஸ்", எவ்வளவு காலம் என்று சொன்னால் "ஃபார்". என் நோட்டில் இதற்குக் கீழே எழுதியிருந்தது: "தமிழில் வருஷமா என்று வந்தால் ஆங்கிலத்தில் ஆம் போடாதே."

"தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்." அந்தப் "பற்றி"தான் "அபவுட்" ஆக உள்ளே நுழைகிறது. "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே பற்றி அடங்கியிருக்கிறது. "பிரச்சினையை அலசினோம்" என்று நினைத்துக்கொள்ளுங்கள். "பிரச்சினையைப் பற்றி அலசினோம்" என்பது நம் காதுக்கே கொஞ்சம் இடிக்கும்.

"ஆபீஸ் எங்கே இருக்குன்னு தெரியல." கேள்வியாகக் கேட்டாலும், ஒரு வாக்கியத்துக்குள் வைத்தாலும் நமக்கு "எங்கே இருக்கு" மாறுவதில்லை. ஆங்கிலத்தில் உள்ளே போனதும் வரிசை மாற வேண்டும்: "வேர் த ஆபீஸ் இஸ்". இந்த இடத்தில் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதே பாதி வெற்றி.

"டிட் நாட் வென்ட்" விஷயத்தில் தமிழ் நம் பக்கம் நிற்கிறது. "போகவில்லை" என்பதைப் பிரித்துப் பாருங்கள். போக, இல்லை. "போனான் இல்லை" என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. இறந்த காலம் "போக" என்பதில் ஏறவில்லை அல்லவா, அதே மாதிரி "டிட்" வந்துவிட்டால் பக்கத்தில் வெறும் "கோ" தான். "ஆல்தோ" வந்த வாக்கியத்தில் "பட்" சேர்த்து எழுதும் பிழைக்கும் இதே மருந்து. "மழை பெய்தாலும் போனோம்" என்று ஒரே ஒட்டுதான் போடுகிறோம். "மழை பெய்தாலும் ஆனால் போனோம்" என்று எழுதினால் உங்களுக்கே உறுத்தும்.

ஒருமை பன்மை இன்னும் சுவாரசியமானது. "அவள் வந்தான்" என்று யாராவது சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகூட சிரிக்கும். வினையின் வாலைப் பார்த்து எழுவாயைச் சரிபார்க்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. பிறகு ஏன் "த ஷிப்ஸ் இஸ் வெயிட்டிங்" என்று எழுதுகிறோம்? அஃறிணையில் பேச்சுத்தமிழ் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டது. ஒரு படகு வந்தாலும் "வந்துச்சு", காசிமேட்டில் நூறு படகு வந்தாலும் "வந்துச்சு" தான். "வந்தன" என்பது புத்தகத்தில் மட்டும். அதே மாதிரி "ஒவ்வொருத்தரும் வந்தாங்க" என்று சொல்லிப் பழகியதால் "ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேவ்" உறுத்துவதில்லை. என் பிழைகள் பொருள்களைப் பற்றிய வாக்கியங்களில்தான் குவிந்து கிடந்தன, ஆட்களைப் பற்றிய வாக்கியங்களில் குறைவு. நோட்டைப் புரட்டிய ஒரு மாலையில் அதைக் கண்டபோது எனக்கும் தோழிக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசியாக அந்தக் கன்டெய்னர் வாக்கியம். தேர்வுகளில் விதவிதமாகத் திரும்பித் திரும்பி வருவது இந்த வகைதான், அதனால் நின்று பார்ப்போம். "த லிஸ்ட்" என்று தொடங்குகிறது. அப்புறம் கன்டெய்னர்கள், துறைமுகம், வாயில்கள் என்று கூட்டம். வினைச்சொல் வருவதற்குள் தொடக்கத்தில் யார் நின்றார்கள் என்பது மறந்துவிடும். வினைக்குப் பக்கத்தில் "கேட்ஸ்" என்ற பன்மை இருப்பதால் "ஹேவ்" சரியென்றே கண் சொல்லும். இப்போது அதையே தமிழில் சொல்லுங்கள்: "துறைமுக வாயில்களுக்கு வெளியே காத்திருக்கும் கன்டெய்னர்களின் பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது." கூட்டமெல்லாம் முன்னால் போய்விட்டது. வினைக்குத் தோளோடு தோள் நிற்பது "பட்டியல்". பட்டியல் ஒன்று, ஆகவே "ஹாஸ்". நம் மொழியில் தலைமைச் சொல் கடைசியில் வருவதால், நீளமான ஆங்கில எழுவாயைத் தமிழில் திருப்பினாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். தொடக்கத்தில் இதற்கு ஒரு நிமிடம் ஆகும். இரண்டு வாரம் விடாமல் செய்தால் பத்து வினாடியில் மனதுக்குள்ளேயே நடந்துவிடும்.

நோட்டு வழிக்கும் குறை உண்டு. மெதுவாகத்தான் நகரும். முதல் மாதம் மதிப்பெண்ணில் எதுவும் தெரியாது, மனம் சோர்ந்து போகும். தனியாகச் செய்தால் நம் தப்பான காரணத்தையே சரியென்று எழுதிவைப்போம், அதனால் எதிரில் "ஏன்?" என்று கேட்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அவர் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, விடாமல் கேட்பவராக இருந்தால் போதும். அப்புறம் "எ, ஆன், த" போன்ற இடங்களில் தமிழ் துணைக்கு வராது. நமக்கு அப்படி ஒரு சொல்வகையே கிடையாது. "ஆன் அவர்" ஏன், "எ யுனிவர்சிட்டி" ஏன் என்பதற்கு எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். "த" எங்கே வரும் என்பதற்குப் புத்தகத்தையோ வகுப்பையோ தேடித்தான் போக வேண்டும். அதற்கு மேல் நிறையப் படித்துக் காதைப் பழக்குவதுதான்.

அக்கா மகளிடம் சொன்னது இது. தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது, கையில் காசு இல்லை, அமைதியாக உட்கார்ந்து படிக்கிற சுபாவம். ஆகவே நோட்டு முதலில். பெரம்பூரில் அவளோடு கல்லூரியில் படித்த பெண் ஒருத்தியும் இதே தேர்வு எழுதுகிறாள், அவளைச் சேர்த்துக்கொள்ளட்டும். பழைய புத்தகம் என்னிடம் இருக்கிறது, எடுத்துப் போகட்டும், தேடிப் பார்க்க மட்டும். ஏ.ஐ. செயலியை நோட்டில் காரணம் எழுதிய பிறகு சரிபார்க்கத் திறக்கலாம், அதற்கு முன் வேண்டாம். தியாகராயா கல்லூரி அறிவிப்பு வந்தால் கணக்குக்கும் பொது அறிவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும். தனியார் வகுப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன். தானாக உட்கார்ந்து படிக்காத பிள்ளையாக இருந்தால், இதே அக்காவிடம் வகுப்பில் சேர்த்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

நேற்று வந்தாள். நோட்டில் பதினேழு பக்கம் நிறைந்திருந்தது. புதிதாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: "த ப்ரைஸ் ஆஃப் த ஃபிஷஸ் சோல்டு நியர் த ஹார்பர் ஆர் ஹை." பேனாவை மூடிவைத்துவிட்டு உதடு அசைய மெல்லத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "துறைமுகத்துக்குப் பக்கத்துல விக்கிற மீனோட விலை... விலை அதிகம்... சித்தி, இஸ்!"

அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். மேலே "எ, ஆன், த" என்று தலைப்பு மட்டும் எழுதி, ஐந்து பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.